கையால் அச்சிட்ட ஒளிப்படத் தபாலட்டைகளைப் பரிமாறிக்கொள்ள ஒரு வழிகாட்டி

இருட்டறையில் நம் கையாலேயே அச்சிட்ட படத்தின் பின்புறத்தில் முகவரி எழுதி, முத்திரை ஒட்டி, உறை எதுவும் இல்லாமல் இன்னோர் ஒளிப்படக்காரருக்கு அனுப்புகிறோம். அவர் அச்சிட்ட படம் அதேபோல் நம் கைக்கு வந்து சேருகிறது. இதைத்தான் எங்களுக்குள் ‘சுற்று’ என்கிறோம். பத்துப் பேர் சேர்ந்த சுற்றில் ஒவ்வொருவரும் ஒரே நெகட்டிவிலிருந்து ஒன்பது அட்டைகளை அச்சிட்டு மற்ற ஒன்பது பேருக்கும் அனுப்ப வேண்டும். இலங்கையில் ஹட்டனுக்கு அருகில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு நான் இதைச் செய்து வருகிறேன். குளிரும் பனிமூட்டமும் ஓயாத மழையும் உள்ள மலையகத்தில், இருட்டறைக் கையேடுகள் சொல்லாத சில சங்கடங்கள் வருகின்றன. அவற்றை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் ஆட்களைச் சேர்க்க வேண்டும். எட்டுப் பேருக்குக் குறைந்தால் சுற்று சீக்கிரம் முடிந்துவிடும். பன்னிரண்டைத் தாண்டினால் அச்சிடுபவர் களைத்துப்போய்க் கடைசி நான்கைந்து அட்டைகளைக் கவனமின்றிச் செய்துவிடுவார். பதுளை, பண்டாரவளை, யாழ்ப்பாணம், சென்னை என்று வெவ்வேறு வெயிலில் படமெடுப்பவர்கள் கலந்திருப்பது நல்லது. ஒருவர் பொறுப்பெடுத்து எல்லோருடைய முகவரிகளையும் வாங்கி, பங்கேற்பவர்களுக்கு மட்டும் தனித்தனியாக அனுப்பி, அட்டைகளைத் தபாலில் சேர்க்க வேண்டிய கடைசித் திகதியையும் சொல்லிவிட வேண்டும். முகவரிப் பட்டியலைப் பொதுவில் எங்கும் போடக் கூடாது. கால எல்லையாக இரண்டு மாதம் கொடுங்கள். மழைக்காலத்தில் அச்சிட்ட அட்டை காய்வதற்கே பல நாள் பிடிக்கும் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

அளவைப் பொறுத்தவரை, தபாலட்டை குறைந்தது 90 × 140 மில்லிமீற்றரும் கூடியது 120 × 235 மில்லிமீற்றரும் இருக்கலாம் என்பது உலகத் தபால் ஒன்றியத்தின் வரையறை. நான்குக்கு ஆறு அங்குலம் இந்த எல்லைக்குள் அடங்குகிறது. அதோடு 35 மில்லிமீற்றர் நெகட்டிவின் நீள அகல விகிதமும் அதுவேயாதலால், படத்தின் ஓரத்தை வெட்டாமல் முழுதாக அச்சிடலாம். பின்புறத்தில் முகவரிக் கோடுகளுடன் இல்போர்ட் நிறுவனம் தபாலட்டைத் தாள் தயாரிக்கிறது. ஆனால் அது கைக்கு எட்டாதபோது எட்டுக்குப் பத்து அங்குலத் தாளை வெட்டிக்கொள்வதே சிக்கனம். ஒரு தாளில் நான்குக்கு ஆறு அளவில் மூன்று அட்டைகள் கிடைக்கும். மிஞ்சும் இரண்டுக்கு நான்கு அங்குலத் துண்டு, எத்தனை விநாடி ஒளி கொடுக்க வேண்டும் என்று பார்க்கும் சோதனைப் பட்டைக்கு உதவும். பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. தாள் வேகமாகக் கழுவப்பட்டுக் காயும். அந்தப் பூச்சு இல்லாத நார்த்தாள் கனமாகவும் அழகாகவும் இருக்கும், ஆனால் மிகுந்த தண்ணீரையும் பொறுமையையும் கேட்கும். முதல் சுற்றுக்கு ஆர்.சி. தாளையே எடுங்கள்.

இருட்டறைக்கென்று தனிக் கட்டடம் தேவையில்லை. லயத்துக் காம்பராவின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையின்) சன்னலையும் கதவிடுக்கையும் கறுப்புப் பொலித்தீனால் அடைத்து, நெகட்டிவின் உருவத்தைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் உருப்பெருக்கியை ஒரு மேசையிலும், டெவலப்பர் (உருவத்தை எழச்செய்வது), ஸ்டொப் (அதை நிறுத்துவது), பிக்சர் (படத்தை நிலைப்படுத்துவது) ஆகிய கரைசல்களுக்கான மூன்று தட்டுகளை இன்னொரு பலகையிலும் வைத்தால் போதும். தட்டுகளும் அளவுக் குவளைகளும் மீண்டும் சமையலுக்குப் போகக் கூடாது. சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில் இரசாயனப் போத்தல்களைப் பூட்டி வைக்க வேண்டும். இருட்டறையில் வெளிச்சத்துக்காகக் கடையில் வாங்கும் சிவப்பு எல்.ஈ.டி. விளக்குகள் எல்லாம் தாளுக்குப் பாதுகாப்பானவை அல்ல. உருப்பெருக்கியின் கீழ் ஒரு துண்டுத் தாளுக்கு மெல்லிய சாம்பல் நிறம் வரும் அளவு ஒளி கொடுத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்து, சிவப்பு விளக்கின் கீழ் ஐந்து நிமிடம் விட்டபின் டெவலப் செய்து பாருங்கள்; நாணயத்தின் வட்டம் தெரிந்தால் அந்த விளக்கு ஆகாது.

மின்சாரம் எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல். எல்லா வீடுகளிலும் விளக்கெரிந்து சமையல் நடக்கும் மாலை நேரத்தில் மின்னழுத்தம் தாழ்ந்தால், உருப்பெருக்கியின் இழை விளக்கு மங்கிச் சிவந்துவிடும். ஒளி குறைவதோடு நீல நிறமும் குறைவதால், ஒளியின் நிறத்துக்கேற்பக் கொன்ராஸ்ற் (கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேறுபாடு) மாறும் தாளில் படம் வெளிறியும் தட்டையாகவும் வருகிறது. ஒரே மாதிரியான ஒன்பது அட்டைகள் வேண்டுமானால், ஊர் உறங்கியபின் இரவு பத்து மணிக்கு மேலோ விடியற்காலையிலோ அச்சிடுங்கள்.

ஆனால் அந்த நேரம்தான் கடுங்குளிர். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சனவரி இரவுகளில் அங்கு வெப்பநிலை 10 பாகைக்கும் கீழே போவதுண்டு. டெவலப்பருக்குத் தேவை 20 பாகை செல்சியஸ். பல டெவலப்பர்களில் உள்ள ஹைட்ரோகுயினோன் குளிரில் ஏறக்குறைய வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. அதனால் எவ்வளவு நேரம் தட்டில் கிடந்தாலும் கறுப்பு, கறுப்பாக வராது. இதை அறியாமல் ஒளியைக் கூட்டிக் கூட்டித் தாளை வீணாக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய தட்டு ஒன்றில் சுடுநீர் ஊற்றி, அதற்குள் டெவலப்பர் தட்டை வைத்து, வெப்பமானியைப் பார்த்துச் சுடுநீரை அவ்வப்போது மாற்றுங்கள். வெப்பம் சரியாக இருந்தால் ஆர்.சி. தாளில் பத்துப் பதினைந்து விநாடிகளில் உருவம் எழும். முதலில் மரத்தின் அடிப்பாகமும் கூரையின் விளிம்பும், பிறகு முகத்தின் நிழற்பக்கம். உருவம் எழுந்துவிட்டது என்று அவசரப்பட்டு எடுத்துவிடாமல் முழு ஒரு நிமிடமும் தட்டை மெதுவாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன்பின் ஸ்டொப் கரைசலில் பத்து விநாடி, ஒன்றுக்கு நான்கு பங்கு நீர் கலந்த விரைவு பிக்சரில் முப்பது விநாடி.

சோதனைப் பட்டையில் சரியான நேரத்தைக் கண்டதும், லென்ஸின் துளை அளவு, விநாடிகள், கொன்ராஸ்ற்றைக் கூட்டிக் குறைக்கும் நிற வடிகட்டியின் எண், எந்த மூலையை எத்தனை விநாடி கையால் மறைத்தீர்கள் என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் படம்போல் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அட்டைகளை மூன்று மூன்றாக அச்சிடலாம். ஒன்பது பேருக்கு ஒன்பது என்று கணக்கிடாமல் பன்னிரண்டு அச்சிடுங்கள். அந்த மூன்றின் பயனைப் பின்னால் சொல்கிறேன்.

பனிமூட்டப் படங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மலையகத்திலிருந்து போகும் அட்டைகளில் பாதிக்கு மேல் பனிமூட்டம்தான் இருக்கிறது. நெகட்டிவில் பனி மிக மெல்லிய வேறுபாடுகளாகவே பதிவாகிறது. வழக்கமான இரண்டாம் இலக்க வடிகட்டியில் அச்சிட்டால் எல்லாம் ஒரே அழுக்குச் சாம்பலாகிவிடும். கொன்ராஸ்ற் கூடிய நான்காம் இலக்கத்துக்குப் போனால் முன்னால் நிற்கும் சவுக்கு மரம் கறுத்து, பின்னால் உள்ள மலை உடைந்து காணாமல் போகும். மூன்றிலோ மூன்றரையிலோ நிறுத்துவதே என் வழக்கம். ஈரத்தாளில் பார்ப்பதைவிடக் காய்ந்த தாள் சற்றுக் கருமையாகத் தெரியும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நார்த்தாளில் இந்த வேறுபாடு இன்னும் அதிகம். ஆகவே பனிப் படங்களுக்கு, ஈரத்தில் சரியென்று தோன்றும் நேரத்திலிருந்து ஐந்து முதல் எட்டு வீதம் ஒளியைக் குறைக்கிறேன். பனி வெள்ளையாக இருக்கக் கூடாது. ஓரத்தில் விட்ட வெள்ளை விளிம்பைவிட ஒரு மெல்லிய படி மங்கலாக இருந்தால்தான் அது வெறும் தாளாக இல்லாமல் பனியாகத் தெரியும்.

கழுவுவதில்தான் அட்டையின் ஆயுள் இருக்கிறது. பிக்சர் மிஞ்சினால் சில ஆண்டுகளில் படம் மஞ்சள் பாரித்து மங்கும். ஆர்.சி. தாளுக்கு ஓடும் நீரில் இரண்டு நிமிடம் போதும் என்பார்கள். குளிர்ந்த பீலித் தண்ணீரில் (மலையிலிருந்து குழாய்வழி வரும் நீரில்) நான் அதை இரட்டிப்பாக்குகிறேன். நார்த்தாளுக்கு, பிக்சரை விரைவாக வெளியேற்றும் கழுவுத் துணைக் கரைசல் இல்லையென்றால் ஒரு மணி நேரம் வேண்டும். மழை பெய்த மறுநாள் பீலியில் மண் கலந்து வரும். அந்த மணல், படத்தைத் தாங்கும் ஈரமான ஜெலற்றின் படலத்தைக் கீறிவிடும். வாளியில் பிடித்துத் தெளியவிட்டு, இரண்டு மடிப்பு வேட்டித் துணியில் வடிகட்டிய பிறகே பயன்படுத்துங்கள்.

பழைய பிக்சரை ஒருபோதும் கானிலோ (வடிகாலிலோ) ஓடையிலோ ஊற்றாதீர்கள். அதில் வெள்ளி கரைந்திருக்கிறது, நமக்குக் கீழேயுள்ள லயத்தில் அதே ஓடையின் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் கலனில் சேர்த்து, உருக்குக் கம்பளியை அதில் போட்டுச் சில நாட்கள் விட்டால் வெள்ளி கறுப்பு மண்டியாக அடியில் படியும். அதன்பிறகும் மிஞ்சும் நீரை நீர்நிலைக்கு மிகத் தொலைவில், பயிரில்லாத இடத்திலேயே அகற்ற வேண்டும்.

காயவைப்பதில் நான் ஒருமுறை பெரிய தவறு செய்தேன். ஒரு சூன் மாதத்தில், தென்மேல் பருவமழை நிற்காமல் பெய்த வாரத்தில், தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டன என்று எண்ணி அட்டைகளை அடுக்கிக் கட்டி வைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது ஒன்றின் முகம் அடுத்ததன் முதுகோடு ஒட்டியிருந்தது. பிரிக்கையில் ஜெலற்றின் தோலாக உரிந்து வந்தது. பன்னிரண்டில் ஐந்துதான் மிஞ்சின. இப்போது இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) காயப்போடுவதில்லை. அடுப்பங்கரைக்கு அடுத்த சுவரில், புகை படாத உயரத்தில், கொசுவலை அடித்த மரச்சட்டத்தின் மேல் ஒரு முழு நாள் வைக்கிறேன். அடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் இடையில் மெழுகுத்தாள் போடுகிறேன். கிழக்கே பதுளைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதே சிரமம் வடகீழ்ப் பருவமழையின்போது, டிசெம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வரும்.

தேயிலைச் சாயம் ஏற்றுவது நமக்கு எளிதாகக் கைவரும் ஓர் அலங்காரம். நான்கு தேக்கரண்டி டஸ்ட் எனப்படும் நுண்ணிய தேயிலைத் தூளை அரை லீற்றர் கொதிநீரில் ஊறவைத்து, இருமுறை வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். சூடாக இருந்தால் ஜெலற்றின் இளகும். முழுதாகக் கழுவிய அட்டையை அதில் ஐந்து முதல் பதினைந்து நிமிடம் அசைத்தால், நார்த்தாள் தேன் நிறம் பிடிக்கும், ஆர்.சி. தாளில் இலேசான சாயலே வரும். இது படத்தின் வெள்ளியைப் பாதுகாக்காது, தாளுக்கு நிறமூட்டுவது மட்டுமே. வெள்ளைப் பகுதிகளும் நிறமேறுவதால் பனிப் படங்களுக்கு இதைச் செய்யாதீர்கள். முகங்களுக்கும் பழைய ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) கட்டடங்களுக்கும் நன்றாகப் பொருந்தும்.

இனி அட்டையின் முதுகு. வலப்பாதி முகவரிக்கும் முத்திரைக்கும், இடப்பாதி உங்கள் சொற்களுக்கும். ஆர்.சி. தாளின் முதுகில் சாதாரணப் பேனா மை நிற்காது, தபால் முத்திரைக் குத்தும் இழுகும். அழியாத மைப்பேனாவால் எழுதிப் பத்து நிமிடம் காயவிடுங்கள், அல்லது மெல்லிய வெள்ளைத் தாளை ஒட்டி அதன்மேல் எழுதுங்கள். படம் எடுத்த இடம், மாதம், தாள், வடிகட்டி, 4/12 என்பது போன்ற வரிசை எண் ஆகியவை இருக்கட்டும்.

படத்தில் ஆள் இருந்தால், அவருடைய சம்மதத்தோடு அவர் பெயரையும் எழுதுங்கள். பிரித்தானியர் காலத்திலிருந்தே நம் மலைகளும் கொழுந்தெடுக்கும் பெண்களும் தபாலட்டைகளில் உலகமெங்கும் போயிருக்கிறார்கள். அட்டையில் இருந்ததோ ‘கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண், இலங்கை’ என்ற அளவில் ஒரு வரி. புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் யூலியா மார்கரெட் கமரூன் 1879இல் காலமாகி, நம் மலையகத்தின் பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் இலங்கையில் எடுத்தவற்றில் எஞ்சியிருக்கும் சில படங்களிலும் நம்மவர்களின் முகம் இருக்கிறது, பெரும்பாலும் பெயர் இல்லை. நம் கையால் நாமே அச்சிடும் அட்டையில் அந்தக் குறை இருக்கக் கூடாது. உறையில்லாத அட்டையைத் தபாலகத்திலும் தோட்டக் காரியாலயத்திலும் பலர் பார்ப்பார்கள் என்பதையும் படத்தில் இருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் தயங்கினால் வேறு படத்தை அச்சிடுங்கள்.

தோட்ட முகவரியில் தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. டிவிசன் (தோட்டப் பிரிவு), இலக்கம், தபாலகம், குறியீட்டு எண் எல்லாம் வேண்டும். ஹட்டன் 22000, நுவரெலியா 22200, பண்டாரவளை 90100, பதுளை 90000. முகவரியைத் தமிழில் எழுதுவது நம் உரிமை. ஆனாலும் வழியில் பல கைகள் மாறுவதால், ஊர்ப் பெயரைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சேர்த்து எழுதுகிறேன். வெளிநாட்டுக்குப் போகும் அட்டையில் நாட்டின் பெயரைக் கடைசி வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். கட்டணம் அடிக்கடி மாறுவதால் ஓர் அட்டையைக் கையில் கொண்டுபோய்த் தபாலகக் கருமபீடத்தில் காட்டிக் கேளுங்கள். அங்கேயே கையால் முத்திரை குத்தித் தரும்படி பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். 1894இல் கட்டப்பட்ட நுவரெலியாச் செங்கல் தபாலகத்துக்குப் போக முடிந்தால், நான் அங்கிருந்தே அனுப்புவேன்.

அட்டை கிடைத்தவுடன் அனுப்பியவருக்கு ஒரு வரியாவது தெரிவிக்க வேண்டும். எழுதும்போது நன்றாயிருக்கிறது என்பதோடு நிறுத்தாமல் படத்தில் எது உங்களை நிறுத்தியது என்று சொல்லுங்கள். ஆறு வாரம் கழிந்தும் ஒருவருக்குப் போய்ச் சேரவில்லையென்றால், மேலதிகமாக அச்சிட்ட மூன்றில் ஒன்றை அவருக்கு அனுப்புங்கள். இன்னொன்று, அச்சிட்ட நேரக் குறிப்போடு நெகட்டிவின் பக்கத்தில் இருக்கட்டும். மூன்றாவது, படத்தில் இருப்பவருக்கு உரியது. அதைத் தபாலில் போடாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.