உலக வரைபடத்தை முறையாக வாசிப்பது எப்படி

உலக வரைபடம் கையில் கிடைத்தவுடன் பெரும்பாலோர் தமக்குத் தெரிந்த நாட்டைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்கி, படத்தின் ஓரங்களில் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பதைப் படித்துவிட வேண்டும். தலைப்பு, வெளியான ஆண்டு, அளவை, எந்தக் கோட்டுச்சட்டத்தின்படி (உருண்டைப் புவியைத் தட்டைத் தாளுக்கு மாற்றும் முறை) வரையப்பட்டது என்ற குறிப்பு, குறியீடுகளின் விளக்கம் ஆகியவை அங்கேதான் இருக்கும். உருண்டையான புவியைத் தட்டையான தாளில் கொண்டுவருபவர் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எதைக் காப்பாற்றினார், எதை விட்டுக்கொடுத்தார் என்பதை அறியாமல் படத்தைப் பார்ப்பவர், இல்லாத செய்திகளைப் படித்துவிட்டு அவற்றை உண்மை என்று நம்பிவிடுவார்.

ஆண்டைக் கண்டுபிடித்தல்

ஆண்டு அச்சிடப்படாத வரைபடமும் தன் வயதைத் தானே சொல்லிவிடும். சோவியத் ஒன்றியம் ஒரே நாடாகக் காட்டப்பட்டிருந்தால் அது 1991-இன் இறுதிக்கு முற்பட்ட எல்லைகளைக் காட்டுகிறது. தெற்கு சூடான் தனி நாடாக இருந்தால் 2011 ஜூலைக்குப் பிற்பட்டது. ஆப்பிரிக்காவின் தெற்கில் உள்ள சிறிய நாட்டுக்கு சுவாசிலாந்து என்று பெயரிட்டிருந்தால் 2018-க்கு முற்பட்டது. எஸ்வாட்டினி என்றிருந்தால் அதற்குப் பின் திருத்தப்பட்டது. கஜகஸ்தானின் தலைநகரம் மிகத் துல்லியமான தடயம். அல்மாட்டி என்றிருந்தால் படம் 1997-க்கு முந்தையது. நூர்-சுல்தான் என்றிருந்தால் 2019-க்கும் 2022-க்கும் இடைப்பட்டது, ஏனெனில் அந்தப் பெயர் அவ்வளவு காலமே நீடித்தது, அதன் பின் நகரம் மீண்டும் அஸ்தானா ஆகிவிட்டது.

எல்லைக்கோடுகளைப் பொறுத்தவரை இன்னொரு கவனமும் தேவை. தொடர்ச்சியான கோட்டுக்குப் பதிலாகப் புள்ளிக்கோடு வரையப்பட்டிருந்தால், அந்த எல்லை தகராறில் இருக்கிறது என்பது பொதுவான பொருள். ஒரே பகுதியை இரண்டு நாடுகள் வெளியிட்ட வரைபடங்கள் இரண்டு விதமாகக் காட்டுவதுண்டு என்பதால், யார் வெளியிட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அளவை

1:50,000 என்பது தாளில் உள்ள 1 செ.மீ. நிலத்தில் 50,000 செ.மீ., அதாவது அரை கிலோமீட்டர் என்பதைக் குறிக்கிறது. சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் 1:5,00,00,000 என்று இருக்கலாம். அங்கே 1 செ.மீ. என்பது 500 கி.மீ. இதில் ஒரு சொல் பலரைக் குழப்புகிறது. ஒரு நகரத்தின் தெருக்களை விரிவாகக் காட்டுவதுதான் பெரிய அளவை வரைபடம். உலகம் முழுவதையும் ஒரே தாளில் அடக்குவது சிறிய அளவை வரைபடம். 50,000-இல் ஒரு பங்கு 5 கோடியில் ஒரு பங்கைவிடப் பெரியது என்று பின்னமாக நினைத்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

படத்தை நகலெடுத்துச் சுருக்கினாலோ, கைபேசித் திரையில் பெரிதாக்கினாலோ, எண்ணால் எழுதிய அளவை பொய்யாகிவிடும். கிலோமீட்டர் குறிக்கப்பட்ட கோட்டளவை மட்டும் படத்தோடு சேர்ந்தே சுருங்கி விரிவதால் சரியாக இருக்கும். ஆற்றின் நீளத்தை அளக்க, ஒரு நூலை அதன் வளைவுகளின் மீது பொருத்திவைத்து, பிறகு அந்த நூலைக் கோட்டளவையின் மீது நேராக நீட்டிப் பார்க்க வேண்டும். சிறிய அளவைப் படத்தில் வளைவுகள் பலவும் மழுங்கிவிடுவதால், அவ்வாறு அளந்த நீளம் உண்மையைவிடக் குறைவாகவே வரும்.

அட்சமும் தீர்க்கமும்

நிலநடுக்கோட்டிலிருந்து வடக்காகவோ தெற்காகவோ எவ்வளவு தொலைவு என்பதை அட்சக்கோடும், கிரீனிச் வழியாகச் செல்லும் முதன்மைக் கோட்டிலிருந்து கிழக்காகவோ மேற்காகவோ எவ்வளவு தொலைவு என்பதைத் தீர்க்கக்கோடும் கூறுகின்றன. நிலநடுக்கோட்டை இயற்கையே தந்திருக்கிறது. முதன்மைத் தீர்க்கக்கோட்டை மனிதர்கள்தாம் பேசி முடிவு செய்தார்கள். 1884-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீனிச்சை ஏற்றுக்கொண்டது; பிரான்சோ 1911 வரை பாரிஸ் கோட்டையே பிடித்துக்கொண்டிருந்தது.

புவியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. என்பதால், அதை 360-ஆல் வகுத்தால் ஒரு பாகை அட்சத்துக்கு ஏறக்குறைய 111 கி.மீ. வரும். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால், வடக்கு தெற்காக அமைந்த எந்த இரண்டு இடங்களுக்கும் உள்ள தொலைவை அளவை இல்லாமலேயே கணக்கிட்டுவிடலாம். தீர்க்கத்துக்கு இது பொருந்தாது. தீர்க்கக்கோடுகள் துருவங்களில் ஒன்றுகூடுவதால், நிலநடுக்கோட்டில் 111 கி.மீ. ஆக இருக்கும் ஒரு பாகையின் அகலம் 60 பாகை அட்சத்தில் சரிபாதியாகக் குறைந்து, துருவத்தில் ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது.

இடத்தைக் குறிக்கும்போது அட்சத்தை முதலிலும் தீர்க்கத்தை அடுத்தும் எழுதுவது வழக்கம். கணினி வரைபடங்களில் தெற்குக்கும் மேற்குக்கும் கழித்தல் குறி இடப்படுகிறது. நைரோபி நகரம் ஏறக்குறைய -1.3, 36.8 என்ற இடத்தில் உள்ளது. இந்த இரண்டு எண்களும் இடம் மாறிவிட்டால் ஸ்பெயினின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் நடுக்கடலில் போய் நிற்போம். பாகையைப் பின்னமாக எழுதும் முறையையும் கலைகளாக எழுதும் முறையையும் கலந்துவிடக் கூடாது: ஒரு பாகைக்கு 60 கலைகள் என்பதால், 30 பாகை 30 கலை என்பது 30.5 ஆகுமே தவிர 30.3 ஆகாது.

மனத்தில் பதிந்திருக்கும் உலகம் பெரும்பாலும் தவறாகவே இருக்கும் என்பதை இந்தக் கோடுகள் காட்டிக்கொடுக்கும். நியூயார்க்கும் ரோமும் எவ்வாறு அமைந்துள்ளன என்று கேட்டால், குளிர்காலப் பனியை நினைத்து நியூயார்க்தான் வடக்கே இருக்கும் என்று பலர் கூறுவார்கள்; உண்மையில் ரோம் 42 பாகையிலும் நியூயார்க் 41 பாகைக்குச் சற்றுக் கீழேயும் இருக்கின்றன. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோர நாடான சிலியின் தலைநகரம் சாண்டியாகோ, வட அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள நியூயார்க்கைவிடக் கிழக்கே உள்ளது. பனாமா கால்வாயின் பசிபிக் முனை, அதன் அட்லாண்டிக் முனைக்குக் கிழக்கே அமைந்திருப்பது இவற்றையெல்லாம் விட வியப்பானது. நிலம் அங்கே பாம்புபோல் வளைந்து கிடப்பதே காரணம்.

தீர்க்கக்கோடுகளின் இன்னொரு பயன் நேரக் கணக்கு. 24 மணி நேரத்தில் புவி 360 பாகை சுழல்வதால் ஒரு மணிக்கு 15 பாகை. 90 பாகை கிழக்கில் உள்ள ஓரிடத்துக்கும் 60 பாகை மேற்கில் உள்ள ஓரிடத்துக்கும் இடையே 150 பாகை, அதாவது 10 மணி நேர வேறுபாடு; கிழக்கே உள்ளதுதான் முந்தி இருக்கும். ஆனால் கடிகாரங்களை ஆள்வது கணக்கு மட்டுமன்று. கிழக்கு மேற்காக மிக அகன்ற சீனா முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகிறது. நேபாளத்தின் நேரம் கிரீனிச்சுக்கு 5 மணி 45 நிமிடம் முந்தியது. சர்வதேச தேதிக் கோடும் 180 பாகைக் கோட்டின் மீது நேராகச் செல்வதில்லை. சமோவா அதன் மறுபக்கத்துக்கு மாறியபோது, அந்த நாட்டு நாட்காட்டியில் 2011 டிசம்பர் 30 என்ற நாளே இல்லாமல் போயிற்று.

கோட்டுச்சட்டம் எதை மறைக்கிறது

ஒரு பந்தின் தோலைக் கிழிக்காமலும் இழுக்காமலும் தட்டையாக விரிக்க முடியாது. உருவம், பரப்பு, தொலைவு, திசை ஆகியவை அனைத்தையும் ஒருசேரக் காப்பாற்றும் உலக வரைபடம் இதுவரை வரையப்படவில்லை, இனியும் வரைய இயலாது. கெரார்டுஸ் மெர்கேட்டர் 1569-இல் வெளியிட்ட வரைபடம் மாலுமிகளுக்காக அமைந்தது: அதில் ஒரே திசைகாட்டிக் கோணத்தில் செல்லும் பாதை நேர்கோடாக விழும். அந்த வசதிக்குக் கொடுத்த விலை பரப்பு. 60 பாகை அட்சத்தில் நீளங்கள் இரு மடங்காகவும், அதனால் பரப்பு நான்கு மடங்காகவும் பெருத்துவிடுகின்றன. துருவத்தை நெருங்க நெருங்க இது கட்டுக்கடங்காமல் போகிறது.

இதன் விளைவாக, மெர்கேட்டர் படத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே அளவுடையவைபோல் தோன்றுகின்றன. ஆப்பிரிக்காவின் பரப்பு ஏறத்தாழ 3 கோடி சதுர கி.மீ.; கிரீன்லாந்து 22 லட்சத்தை எட்டவில்லை. காங்கோ ஜனநாயகக் குடியரசு என்ற ஒரே ஆப்பிரிக்க நாடுகூட கிரீன்லாந்தைவிடப் பெரியது. அலாஸ்காவும் பிரேசிலும் அருகருகே ஒத்த அளவில் தெரிந்தாலும் பிரேசில் ஏறக்குறைய ஐந்து மடங்கு பெரியது. மெர்கேட்டரைக் குறை கூறுவது முறையன்று என்பதே என் கருத்து. கடலில் வழி காண வரைந்ததை வகுப்பறைச் சுவரில் மாட்டியவர்களின் தவறுதான் இது. இணைய வரைபடங்கள் பலவும் இன்றும் அதன் ஒரு வடிவத்தையே பயன்படுத்துகின்றன. தெரு அளவுக்குப் பெரிதாக்கும்போது மூலைகளும் வளைவுகளும் சிதையாமல் இருப்பது அவற்றுக்கு முக்கியம். நாடுகளின் பரப்பை ஒப்பிட விரும்பினால் சமபரப்புக் கோட்டுச்சட்டத்தில் வரைந்த படத்தைத் தேடி எடுக்க வேண்டும். பொதுவான பார்வைக்கு எதையும் முழுமையாகக் காப்பாற்றாமல் எல்லாச் சிதைவுகளையும் ஓரளவு குறைக்கும் ராபின்சன், விங்கெல் போன்ற சமரச வடிவங்கள் போதுமானவை.

சந்தேகம் வந்தால் உலக உருண்டையிடம் கேட்பதே சிறந்தது. டோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே உருண்டையின் மீது ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால், அது பசிபிக்கின் நடுவே செல்லாமல் அலாஸ்காவையும் கனடாவையும் தழுவிச் செல்லும். தட்டைப் படத்தில் வீணாக வளைந்ததுபோல் தெரியும் விமானப் பாதைதான் உண்மையில் குறுகியது.

நிறங்களும் கோடுகளும்

இயற்கை அமைப்பு வரைபடத்தில் பச்சை நிறம் காடுகளைக் குறிப்பதில்லை. தாழ்வான நிலத்தைக் குறிக்கிறது. இதை அறியாதவர்கள் சகாராவின் தாழ்ந்த பகுதிகளைப் பசுமையான நாடு என்று எண்ணிவிடுகிறார்கள். மஞ்சளும் பழுப்பும் உயரத்தைக் காட்டும்; நீலம் கருமையாகும்போது கடல் ஆழமாகிறது. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக்கோடுகள் நெருக்கமாக இருந்தால் சரிவு செங்குத்தானது, விலகியிருந்தால் மெல்லியது. பள்ளத்தாக்கைக் கடக்கும் இடத்தில் இக்கோடுகள் முனைபோல் வளையும். அந்த முனை ஆறு எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையைச் சுட்டும். வடக்கு மேலே இருப்பதும் வழக்கமே தவிர இயற்கை விதி அன்று. அரபுப் புவியியலாளர் அல்-இத்ரீசி 1154-இல் முடித்த உலக வரைபடத்தில் தெற்குதான் மேலே இருந்தது.

நாடுகளைப் பற்றிய செய்திகளை நினைவில் நிறுத்துதல்

தலைநகரங்களையும் பரப்பளவுகளையும் பட்டியலாக மனப்பாடம் செய்வது விரைவில் மறந்துபோகும் வேலை. ஓர் இடத்தைப் படத்தில் பார்த்து, அதன் அட்சம் என்ன, உயரம் என்ன, கடல் எவ்வளவு தொலைவு, அருகில் ஓடும் நீரோட்டம் சூடானதா குளிர்ந்ததா என்று கேட்டுக்கொண்டால் பாதிச் செய்திகளை ஊகித்தே சொல்லிவிடலாம். கிட்டத்தட்ட நிலநடுக்கோட்டின் மேலேயே இருக்கும், ஈக்வடாரின் தலைநகரமான கீட்டோ 2,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஆண்டு முழுவதும் இதமாக இருக்கிறது. இலண்டனும் கனடாவின் லாப்ரடோர் பகுதியும் ஒத்த அட்சத்தில் இருந்தாலும், ஐரோப்பாவை நோக்கி வீசும் மேலைக் காற்றுகள் வெப்பமான கடல்மீது வருவதால் இலண்டனின் குளிர் மிகவும் மிதமானது. கண்டங்களின் மேற்குக் கரையில், 20 முதல் 30 பாகை அட்சம் வரை, குளிர்ந்த நீரோட்டம் ஓடும் இடத்தில் விரலை வைத்தால் அங்கே பாலைவனம் இருக்கும்: சிலியில் அட்டகாமா, நமீபியாவில் நமீப்.

வரையறைகளை எண்களோடு சேர்த்தே படிக்க வேண்டும். கண்டங்கள் ஏழு என்று சில நாடுகளிலும் ஆறு என்று வேறு சில நாடுகளிலும் கற்பிக்கப்படுகிறது. யூரல் மலைத்தொடரை ஐரோப்பாவின் எல்லையாகக் கொள்வதும் மரபுதான். ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பினர்கள் 193. வாடிகனும் பாலஸ்தீனமும் உறுப்பினர் அல்லாத பார்வையாளர் நாடுகள். கஜகஸ்தானுக்கு நீண்ட காஸ்பியன் கரை உண்டு, ஆனாலும் காஸ்பியன் பெருங்கடலோடு இணையாத ஏரி என்பதால் அது நிலம் சூழ்ந்த நாடாகவே கருதப்படுகிறது. ஒரு நாட்டின் மிகப் பெரிய நகரமே தலைநகரம் என்று எண்ணும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கான்பெரா, பிரசிலியா, அங்காரா, அபுஜா ஆகிய நான்கும் அதற்கு மாறானவை.

இவற்றைப் பயிலச் சிறந்த வழி, வெறுந்தாளில் நிலநடுக்கோட்டையும் கடக, மகர ரேகைகளையும் வரைந்துகொண்டு, கண்டங்களை நினைவிலிருந்து தோராயமாக வரைவது. பிறகு நிலநடுக்கோடு செல்லும் நாடுகளை மேற்கிலிருந்து எழுத வேண்டும்: ஈக்வடார், கொலம்பியா, பிரேசில், கபோன், இரண்டு காங்கோக்கள், உகாண்டா, கென்யா, சோமாலியா, இந்தோனேசியா, இவற்றோடு கினி வளைகுடாவில் சாவோ டோம் தீவு நாட்டின் ஒரு சிறு தீவு. எழுதி முடித்தபின் அச்சிட்ட படத்தோடு ஒப்பிட்டால், எக்குவடோரியல் கினியைப் பெயரை மட்டும் நம்பிச் சேர்த்துவிட்டது பெரும்பாலும் தெரியவரும். அந்த நாட்டின் பெருநிலப் பகுதி கோட்டுக்கு வடக்கிலும் அன்னோபோன் தீவு தெற்கிலும் இருக்க, நிலநடுக்கோடு அதன் மண்ணைத் தொடாமல் இடையிலுள்ள கடலில் செல்கிறது.