லண்டன் கறி ஹவுஸில் சாப்பிடுவது எப்படி? மெனு முதல் பில் வரை

பிரிட்டனுக்குப் போகிற நம் ஆட்கள் பலர் 'இந்தியன் ரெஸ்டாரன்ட்' என்ற பலகையை நம்பி உள்ளே போய், மெனுவைப் பார்த்து முழிப்பார்கள். பெயரெல்லாம் கேட்ட மாதிரி இருக்கும், வருவது வேறாக இருக்கும். 'கறி ஹவுஸ்' எனப்படும் இந்தக் கடைகளில் கிடைப்பது பிரிட்டனிலேயே உருவான தனிச் சமையல். அதன் போக்கு பிடிபட்டால் நன்றாகவே சாப்பிடலாம்.

படி 1: என்ன கடை என்று பாருங்கள்

இட்லி, தோசை, கொத்து ரொட்டிதான் வேண்டுமென்றால் லண்டனின் டூட்டிங், ஈஸ்ட் ஹாம் பக்கம் போய்விடுங்கள். அங்கே நம் ஊர்க் கடைகளும் ஈழத்தமிழர் கடைகளும் நிறைய. மற்றபடி தெருவுக்குத் தெரு இருக்கும் கறி ஹவுஸ்களில் பெரும்பாலானவை வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதிக்காரர்கள் நடத்துபவை. மதியம் இரண்டரைக்கு மேல் மூடி, மாலையில் திறக்கும் கடைகள் உண்டு. நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

படி 2: அப்பளம் வேண்டுமா என்று முடிவெடுங்கள்

உட்கார்ந்ததுமே அப்பளமும், மாங்காய்ச் சட்னி, வெங்காயம், ஊறுகாய் வைத்த தட்டும் வரும். பல கடைகளில் இரண்டுக்கும் தனித்தனியாகக் காசு. வேண்டாமென்றால் அப்போதே சொல்லிவிடுங்கள்.

படி 3: மெனுவைப் படியுங்கள்

இதில்தான் எல்லாமே இருக்கிறது. சமையலறையில் வெங்காயத்தை நிறைய வேகவைத்து அரைத்த கிரேவி ஒன்று பெரிய பாத்திரத்தில் தயாராக இருக்கும். ஆர்டர் வந்ததும் வாணலியில் எண்ணெய், பூண்டு, மசாலாப் பொடி போட்டு, அந்தக் கிரேவியை ஊற்றி, வேகவைத்த இறைச்சியைச் சேர்த்துச் சில நிமிடங்களில் இறக்கிவிடுவார்கள். சிக்கன், மட்டன், இறால் எதைக் கேட்டாலும் அதே பத்துப் பதினைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

அந்தப் பெயர்கள் பெரும்பாலும் காரத்தையும் சுவையையும் சொல்பவை. கோர்மா என்றால் தேங்காயும் கிரீமும் சேர்ந்த இனிப்பு. நம் வீட்டுக் குருமாவை நினைத்துக் கேட்காதீர்கள். டிக்கா மசாலாவும் இனிப்புப் பக்கம்தான். 2001-இல் அன்றைய வெளியுறவு அமைச்சர் ராபின் குக் அதைப் பிரிட்டனின் தேசிய உணவு என்றே புகழ்ந்தார்! பூனா என்றால் கெட்டிக் குழம்பு, தன்சாக் என்றால் பருப்பு சேர்ந்த புளிப்பும் இனிப்பும். காரம் வேண்டுமென்றால் மெட்ராஸ், அதற்கு மேல் விண்டாலூ, அதையும் தாண்டி ஃபால். மெட்ராஸ் கறியைச் சென்னையில் தேடினால் கிடைக்காது. நம் நாக்குக்கு ஒத்துவருவது ஜால்ஃப்ரேசி: பச்சை மிளகாய், குடைமிளகாய், வெங்காயம் எல்லாம் வாயில் தட்டுப்படும். ஒவ்வொன்றும் தனி வாணலியில் செய்வதால், கூடுதலாக நாலு பச்சை மிளகாய் போடச் சொன்னால் போட்டுத் தருவார்கள்.

பர்மிங்காம் நகருக்குப் போனால் பால்ட்டி என்ற கறியைச் சாப்பிடுங்கள். 1970-களில் அங்கே பாகிஸ்தானியர் கடைகளில் பிறந்தது. சமைத்த சின்ன எஃகுச் சட்டியோடே கொதிக்கக் கொதிக்க மேஜைக்கு வரும், நான் ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

படி 4: சோறு, நான், காய்

கறியோடு சோறு வராது, தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு சோறும் ஒரு நானும் பெரும்பாலும் போதும். பெஷாவரி நான் தேங்காயும் திராட்சையும் வைத்த இனிப்பு வகை. காரக் கறிக்கு நல்ல ஜோடி. சைவம் சாப்பிடுபவர்கள் சாக் ஆலு (கீரையும் உருளைக்கிழங்கும்), தட்கா தால் (தாளித்த பருப்பு) பக்கம் போகலாம். சைடு டிஷ் என்றால் அளவு குறைவு, மெயினாகக் கேளுங்கள். சில கடைகளில் நான் மாவில் முட்டை சேர்ப்பார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 5: தண்ணீரும் பில்லும்

வெறுமனே 'வாட்டர்' என்றால் காசு கொடுக்க வேண்டிய பாட்டில் வரலாம். 'டேப் வாட்டர்' என்று கேளுங்கள். மது விற்க உரிமம் உள்ள கடைகள் கேட்டால் அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கிலாந்துச் சட்டம். பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். லண்டனில் 12.5 சதவீதம் போடுவது வழக்கம். சேர்த்திருந்தால் டிப்ஸ் தனியாக வைக்க வேண்டாம். அது விருப்பத் தொகை என்று போட்டிருந்தால், கவனிப்பு சரியில்லாத நாளில் எடுத்துவிடச் சொல்லலாம். யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.