மரச் சீலிங்கிற்கு வெள்ளை அடிக்கும் முன்

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பழைய ஓட்டு வீடுகளைத் திருத்தித் தங்குமிடமாக்கும் வேலை இப்போது நிறைய நடக்கிறது. போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி: "அண்ணா, இந்தப் பலகைச் சீலிங்கை வெள்ளையாக்கினால் வீடு வெளிச்சமாகும்தானே?" ஆகும். ஆனால் புதிதாக வேலைக்கு வருகிற தம்பிமார் அதைக் கேட்டதும் வாளியோடு ஏணியில் ஏறிவிடுகிறார்கள். தூசு தட்டாதது, நிலத்தில் சீலை விரிக்காதது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை, அதை அவர்களே படித்துக்கொள்வார்கள். கீழே வருவது பெரிய பிழைகள் மட்டும்.

இருட்டுக்குப் பலகைதான் காரணம் என்று நினைப்பது

முதலில் சுவரை வெள்ளையாக்கி, யன்னலை மறைக்கிற மாங்கொப்பை வெட்டிவிட்டு ஒரு மாதம் இருந்து பாருங்கள். சுவர் நிறத்தை எப்போதும் மாற்றலாம். பலகைப் பொருத்துக்குள் இறங்கிய பெயின்ற்றைச் சுரண்டி எடுப்பது, தலைக்கு மேல் கையைத் தூக்கியபடி செய்கிற வேலை. அடித்த கூலியைவிடப் பல மடங்கு போகும்.

மரத்தின் சாயத்தை அடைக்காமல் அடிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. பலாப்பலகைச் சீலிங் ஒன்றில் தண்ணீரில் கரைக்கும் வெள்ளை எமல்ஷனை நேராக அடித்திருந்தார்கள். காய்ந்ததும் மஞ்சள் திட்டுத் திட்டாக மேலே வந்துவிட்டது. "கோட் காணாது" என்று இன்னொன்று, அதற்கு மேல் இன்னொன்று. வீட்டுக்காரர் வாளி வாளியாக வாங்கிக் கொடுத்தார், மஞ்சள் போகவில்லை. எப்படிப் போகும்? பலா மரத்தின் வைரத்தை, அதாவது நடுக்கட்டையை, அவித்த சாயத்தில்தான் பிக்குகளின் காவி உடைக்கே நிறம் தோய்த்தார்கள். பெயின்ற்றிலுள்ள தண்ணீர் பலகையை நனைத்து, அந்தச் சாயத்தைக் கரைத்து, காயும்போது மேலே இழுத்துக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு கோட்டும் திரும்ப நனைப்பதுதான், அதனால் திரும்ப வரும். தேக்கிலும் கணுவுள்ள பைன் பலகையிலும் இதே தொல்லை உண்டு.

கூரை ஒழுகின கறையும் அப்படித்தான் மேலே வரும். இங்கே குரங்கு கூரை ஓடுகளை நகர்த்திவிட்டுப் போவது வழக்கம், ஆகவே முதலில் ஓடுகளைச் சரிபாருங்கள். அப்புறம் பலகையைத் துடைத்து, மெழுகு நீக்கிய ஷெல்லாக்கோ (அரக்குப் பூச்சு) கறை அடைக்கும் பிரைமரோ பூசி, நன்றாகக் காயவிட்டு, அதற்குப் பிறகுதான் வெள்ளை. அதையும் மூலையில் இரண்டு சாண் அகலத்துக்கு அடித்து ஒரு கிழமை விட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் அவசரப்படுத்துவார். படுத்தட்டும்.

மாரிக்குள் தொடங்குவது

வேண்டாம். கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்திலேயே முடியுங்கள்.

பழைய பெயின்ற்றைக் காயத் தேய்ப்பது

அதில் ஈயம் இருக்கலாம். ஈரமாகத் தேயுங்கள், பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள்.

பொருத்து இடைவெளியை அடைத்து மூடுவது

பலகை மாரியில் ஊதும், வெயிலில் சுருங்கும். இறுகின புட்டி வெடித்து விழும்.

கூரை தாங்கும் வளைமரத்தையும் சேர்த்து அடிப்பது

பலகைக்கு வெள்ளை அடித்தே ஆகவேண்டும் என்றால் சரி, அடியுங்கள், முதிரை வளைகளை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தப் பருமனில் முதிரை இனி இலேசில் கிடைக்காது. துடைத்து எண்ணெய் பூசினாலே நிறம் எழும்பும், கறையான் மண் ஏறினாலும் உடனே கண்ணுக்குத் தெரியும். கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் முதலில் சொல்வதும் இதுதான்: வளை மரமாகவே இருக்கட்டும், பலகையைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.