கையெழுத்து ஆகிவிட்டது, ஆயுதம் எங்கே? சமாதானச் செய்திகளை வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செய்திப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1996 செப்டம்பரில், "அணு ஆயுத சோதனைக்கு உலகம் முழுவதும் தடை" என்று ஒரு தலைப்பு வைத்தேன். சில நாள் கழித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. "தடை எந்தத் தேதியிலிருந்து?" ஒரே ஒரு வரி. பதில் தேடிப் புறப்பட்டேன். இன்றுவரை அந்தத் தேதி பிறக்கவில்லை.

நிச்சயதாம்பூலம் மாற்றியதைப் பார்த்துவிட்டுக் கல்யாணம் முடிந்ததாக எழுதியதுதான் நான் செய்த தவறு. ஒப்பந்தத்தில் ஒரு நாட்டின் பிரதிநிதி கையெழுத்திடுவது முதல் படி. பெரும்பாலும் நாடாளுமன்றமோ செனட் சபையோ ஒப்புக்கொண்ட பிறகு, அந்த நாடு அதை உறுதி செய்வது அடுத்தது. இதை ஏற்புறுதி என்பார்கள். எத்தனை நாடுகள், அல்லது எந்தெந்த நாடுகள் ஏற்புறுதி செய்தால் ஒப்பந்தம் அமலுக்கு வரும் என்பது அதன் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அந்தப் பக்கங்களைத்தான் யாரும் படிப்பதில்லை.

அணு ஆயுத சோதனைத் தடை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் 44 நாடுகளின் பட்டியல் இருக்கிறது. ஒப்பந்தத்தை வரைந்த ஜெனீவா பேச்சுவார்த்தையில் பங்கேற்ற, அணு உலை வைத்திருந்த நாடுகள் அவை. அத்தனையும் ஏற்புறுதி செய்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஒப்பந்தம் அமலுக்கு வராது. இந்தியாவும் பாகிஸ்தானும் வட கொரியாவும் கையெழுத்தே போடவில்லை. தன்னைக் கேட்காமல் தன் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்ததை இந்தியா கடுமையாக எதிர்த்தது. ஜெனீவாவில் ஒருமித்த முடிவு எட்டாதபடி இந்தியா தடுத்ததும், ஒப்பந்தத்தை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோய் 158க்கு 3 என்ற கணக்கில் நிறைவேற்றினார்கள். அமெரிக்கா கையெழுத்திட்டது, ஆனால் 1999இல் அதன் செனட் சபை நிராகரித்தது. சீனா, எகிப்து, ஈரான், இஸ்ரேல் ஆகியவையும் கையெழுத்தோடு நிற்கின்றன. 2000இல் ஏற்புறுதி செய்திருந்த ரஷ்யா 2023 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏற்புறுதியைத் திரும்பப் பெற முடியும் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கையெழுத்துக்கும் அமலுக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளி கொலம்பியாவில் ஆறே நாளில் வெளிப்பட்டது. அரசும் ஃபார்க் கெரில்லாக்களும் 2016 செப்டம்பர் 26 அன்று ஆரவாரத்தோடு கையெழுத்திட்டார்கள். அக்டோபர் 2 அன்று நடந்த வாக்கெடுப்பில், மயிரிழை வித்தியாசத்தில், மக்கள் "வேண்டாம்" என்றார்கள். திருத்திய வேறொரு ஒப்பந்தம்தான் பிறகு நாடாளுமன்றத்தின் வழியாக நிறைவேறியது.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு எதிர்த்திசையில் ஒரு தவறு வரும். நானும் சில ஆண்டுகள் அதில் கிடந்தேன். "அமலுக்கு வராத ஒப்பந்தம் வெறும் காகிதம்" என்று உதறிவிடுவது. சோதனைத் தடை ஒப்பந்தத்துக்காக உலகெங்கும் 337 கண்காணிப்பு நிலையங்களும் ஆய்வகங்களும் திட்டமிடப்பட்டன. பெரும்பாலானவை கட்டி முடிக்கப்பட்டு இயங்குகின்றன. நில அதிர்வையும் கடலுக்கடியில் எழும் ஒலியையும் காற்றில் மிதக்கும் கதிரியக்கத் துகளையும் அவை பதிவுசெய்து வியன்னாவிலுள்ள தரவு மையத்துக்கு அனுப்புகின்றன. வட கொரியாவின் சோதனைகளை அவை பிடித்தன. 1996க்குப் பிறகு அணுகுண்டு வெடித்துச் சோதித்ததாக அறிவித்தவை மூன்றே நாடுகள்: 1998இல் இந்தியாவும் பாகிஸ்தானும், 2006 முதல் 2017 வரை வட கொரியா. அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளில் நடந்த சோதனைகள் இரண்டாயிரத்துக்கும் மேல். காகிதம் என்று சொல்லலாம்தான், ஆனால் கனமான காகிதம்.

அடுத்தது எண்ணிக்கை. அமெரிக்காவும் ரஷ்யாவும் 2010இல் பிராகாவில் கையெழுத்திட்ட 'நியூ ஸ்டார்ட்' ஒப்பந்தத்தைப் பற்றி எழுதும்போது, "இரு நாடுகளும் தலா 1,550 அணுகுண்டுகள் மட்டுமே வைத்துக்கொள்ளலாம்" என்று நாளிதழ்கள் எழுதின. அப்படி இல்லை. 2026 பிப்ரவரியில் ஒப்பந்தம் காலாவதியாகும் வரை, ஏவத் தயாராக நிறுத்திவைக்கப்பட்ட, நீண்ட தூரம் பாயும் ஆயுதங்களுக்கு மட்டுமே அந்த வரம்பு இருந்தது. கிடங்கில் இருந்தவையும் குறுகிய தூர அணு ஆயுதங்களும் கணக்கில் வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஒரு குண்டுவீச்சு விமானத்தில் பத்துக் குண்டு ஏற்ற முடிந்தாலும் ஒப்பந்தக் கணக்கில் அது ஒன்றே ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒவ்வொரு நாட்டிடமும் ஐயாயிரத்துக்கு மேல் தேறும் என்பதே ஆய்வாளர்களின் மதிப்பீடு.

1987இல் ரீகனும் கோர்பச்சேவும் செய்த நடுத்தரத் தூர ஏவுகணை ஒப்பந்தத்தைப் பெரிய வெற்றி என்றே நானும் சொல்வேன். 2,692 ஏவுகணைகள் நான்கே ஆண்டில் அழிக்கப்பட்டன. ஒரு நாட்டின் ஆய்வாளர்கள் மற்றவர் தொழிற்சாலை வாசலிலேயே தங்கியிருந்து பார்த்தார்கள். ஆனால் அழிந்தவை ஏவுகணைகள். அவற்றின் முனையிலிருந்த அணுகுண்டின் உட்பாகத்தை முன்னதாகவே கழற்றி எடுத்து வைத்துக்கொள்ள ஒப்பந்தம் அனுமதித்தது. வாகனத்தை நொறுக்கினார்கள், சரக்கு கிடங்குக்குத் திரும்பியது. ஆயுதக் கட்டுப்பாடு, ஆயுதக் குறைப்பு, ஆயுத ஒழிப்பு ஆகிய மூன்றையும் ஒரே பொருளில் எழுதினால் இந்த வித்தியாசம் வாசகருக்குப் போய்ச் சேராது. ஒரு வகை ஆயுதத்தை முற்றாக ஒழிப்பதற்கு உதாரணம் வேண்டுமென்றால் ரசாயன ஆயுத ஒப்பந்தத்தைக் காட்டலாம். நாடுகள் அறிவித்த இருப்பு முழுவதும், 72 ஆயிரம் டன்னுக்கு மேல், சர்வதேச ஆய்வாளர்களின் கண்காணிப்பில் அழிந்தது. இந்தியா 2009இலேயே முடித்துவிட்டது. கடைசியாக 2023 ஜூலையில் முடித்தது அமெரிக்கா. "அறிவித்த" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடக் கூடாது.

போர்நிறுத்தத்தைச் சமாதானம் என்று எழுதுவது பழைய தவறு. கொரியாவில் 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. சமாதான உடன்படிக்கை இன்னும் இல்லை.

உள்நாட்டுப் போர்களில் ஆயுதக் களைவு வேறொரு சிக்கல். அங்கே துப்பாக்கியோடு சேர்ந்து மானமும் பேச்சுவார்த்தை மேசையில் கிடக்கிறது. வட அயர்லாந்தின் புனித வெள்ளி ஒப்பந்தம் 1998 ஏப்ரலில் வந்தது. ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்ய அது குறித்த காலம் இரண்டு ஆண்டுகள். பிடித்தது ஏழு ஆண்டுக்கு மேல். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கம் "சரணடைவு" என்ற சொல்லைக் கிட்டவே சேர்க்கவில்லை. "பயன்பாட்டுக்கு அப்பால் வைப்பது" என்றுதான் சொன்னார்கள். புகைப்படம் வேண்டும் என்று எதிர்த்தரப்புத் தலைவர் இயான் பெய்ஸ்லி பிடிவாதம் பிடித்தார். அது அவமானம் என்று ஐ.ஆர்.ஏ. மறுத்தது. கடைசியில் 2005 செப்டம்பரில், கனடாவைச் சேர்ந்த ஜெனரல் ஜான் டி சேஸ்டலைன் தலைமையிலான குழு வேலை முடிந்ததாக அறிவித்தது. ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும் ஒரு மெதடிஸ்ட் போதகரும் சாட்சி. படம் ஒன்றுகூட இல்லை. இடையில் சட்டமன்றம் பலமுறை முடங்கியது, ஒவ்வொரு முறையும் "ஒப்பந்தம் தோற்றது" என்று எழுதினார்கள்.

1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தம் தந்த அவகாசம் என்ன தெரியுமா? சண்டை நின்றதிலிருந்து 72 மணி நேரம். அதற்குள் எல்லா இயக்கங்களும் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். அக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அவகாசம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவ்வளவு குறுகிய காலக்கெடுவைச் செய்தியில் பார்த்தால், சாதனையாக எண்ணாமல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வேன்.

வெளியேறும் வாசலையும் பார்க்க வேண்டும். நடுத்தரத் தூர ஏவுகணை ஒப்பந்தத்திலிருந்து விலக ஆறு மாத அறிவிப்பு போதுமானதாக இருந்தது. 2019 பிப்ரவரியில் அமெரிக்கா அறிவித்தது, ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிந்தது. இலங்கையின் 2002 போர்நிறுத்த உடன்படிக்கையில் அந்த அவகாசம் 14 நாள். 2008 ஜனவரி 2 அன்று இலங்கை அரசு விலகல் அறிவிப்புக் கொடுத்தது, 16ஆம் தேதி உடன்படிக்கை காலாவதியானது. களத்தில் அது எப்போதோ செத்திருந்தது. இறப்புச் சான்றிதழ்தான் அன்று வந்தது. "விலகல்" வேறு, "இடைநிறுத்தம்" வேறு என்பதும் நினைவில் இருக்கட்டும். 2023இல் நியூ ஸ்டார்ட்டை ரஷ்யா இடைநிறுத்தியபோது, அப்படி ஒரு வழியே அதன் வாசகத்தில் இல்லை.

கண்ணிவெடித் தடைக்கான ஒட்டாவா ஒப்பந்தத்தில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. போர் முடிந்து எட்டு ஆண்டுகள் கழித்து. அமலானது 2018 ஜூன் 1. புதைந்தவற்றை அகற்ற ஒப்பந்தம் தரும் காலம் பத்து ஆண்டுகள். இலங்கையின் வடக்கே முகமாலையில் பாதுகாப்புக் கவசம் அணிந்த பெண்கள் மண்டியிட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறி மிதிவெடிகளை எடுக்கிறார்கள். ஒரு கண்ணி எடுத்ததும் அந்த இடத்தில் ஒரு குச்சி நடுகிறார்கள். அந்த ஆசிரியர் இன்று கேட்டிருந்தால், அந்தக் குச்சிகளைத்தான் எண்ணிச் சொல்லியிருப்பேன்.