பழைய வீட்டைப் புதுப்பித்து விற்க: நாள் கூலியா, காண்ட்ராக்டா?

ஒரே வீட்டில் நாள் கூலிக்கும் காண்ட்ராக்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. திறந்து பார்க்கும்வரை அளவு தெரியாத வேலையை நாள் கூலிக்கும், அளந்துவிடக்கூடிய வேலையைக் காண்ட்ராக்டுக்கும் விடுவதே என் வழக்கம். பத்திரம், வில்லங்கம் எல்லாம் பார்த்து முடித்துவிட்டீர்கள் என்று கொண்டு தொடங்குகிறேன்.

முதல் படி, இடிப்பதும் கொத்துவதும். ஓதமேறிய பூச்சுக்கும் கம்பி துருப்பிடித்து வெடித்த கூரைக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் மொத்தமாக விலை பேசினால், காண்ட்ராக்டர் அந்த ஐயத்தையும் சேர்த்தே விலை சொல்வார், அல்லது பாதியில் ‘எக்ஸ்ட்ரா’ கேட்பார். ஆகவே ஒரு கொத்தனாரையும் இரண்டு சித்தாள்களையும் நாள் கூலிக்கு அமர்த்துங்கள். நாள் முழுவதும் உடன் நிற்க இயலாதவர்களுக்கு இம்முறை ஒத்துவராது.

இரண்டாவது, அளவெடுப்பது. லேசர் கருவியைவிட 30 மீட்டர் டேப்பையே நான் விரும்புகிறேன்; மறுமுனையை மேஸ்திரி பிடித்திருப்பதால் பின்னர் அளவைப் பற்றிப் பேச்சு எழாது.

மூன்றாவது படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். பூச்சு வேலையைக் காண்ட்ராக்டுக்கு விடச் சதுர அடிக்கு எவ்வளவு என்று பேசும் முன்பே, கதவு, ஜன்னல் திறப்புகளைக் கழிப்பதா என்பதை எழுதிக்கொள்ளுங்கள். ஓரங்களைப் பூசும் உழைப்புக்கு ஈடாக எதையும் கழிக்க வேண்டாம் என்பது பல மேஸ்திரிகளின் கணக்கு. ஐ.எஸ். 1200 என்னும் இந்தியத் தரநிலையோ, இருபுறமும் ஒரே பூச்சு என்றால், 0.5 முதல் 3 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு ஒரு பக்கத்தை மட்டும் கழித்து, ஓரங்களுக்குத் தனியாகத் தரவேண்டியதில்லை என்கிறது. அதாவது மூன்றுக்கு ஏழு அடிக் கதவுக்கு 21 சதுர அடி கழியும். எந்தக் கணக்கானாலும் சரி, வேலை தொடங்குமுன் இருவரும் கையெழுத்திட்ட தாளில் அது இருக்க வேண்டும்.

நான்காவது, பணம். சிமென்ட், எம் சாண்ட், டைல்ஸ் ஆகியவற்றை நீங்களே வாங்கி, லேபர் காண்ட்ராக்டாக மட்டும் விடுங்கள். குளியலறையில் டைல்ஸ் ஒட்டுமுன், நீர்க்காப்புப் பூச்சின்மேல் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கசிவில்லை என்று உறுதியான பின்பே அந்தக் கட்டத்துக்குரிய தொகையைக் கொடுங்கள்.

பிற்சேர்க்கை: நாள் கூலிக்கு ரசீது ஏது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். பெயர், தேதி, வேலை, தொகை எழுதிய வவுச்சரில் வாரந்தோறும் கையெழுத்து வாங்குங்கள். வாங்கிய 24 மாதங்களுக்குள் விற்றால் வரும் ஆதாயம் குறுகிய கால மூலதன ஆதாயமாகி, உங்கள் வருமான வரி விகிதப்படி வரிக்குள்ளாகும். மேம்பாட்டுச் செலவு என்று அதில் கழிக்க இந்த வவுச்சர்கள் வேண்டும். இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு அது வணிக வருமானமாகக் கருதப்படலாம் என்பதால், விற்பனை ஒப்பந்தத்துக்கு முன்பே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.