பிள்ளையின் தலையில் பொருக்கு: ஊறவைத்து எடுக்கும் முறை

பிறந்து சில வாரங்களில் உச்சந்தலையில் மஞ்சளாக, பிசுக்குப் பிடித்துச் செதில் செதிலாகப் படிவதுதான் இந்தப் பொருக்கு. புருவத்திலும் காதுக்குப் பின்னாலும்கூட வரும். பிள்ளைக்கு வலிக்காது, பெரிதாக அரிக்கவும் செய்யாது. தாயிடமிருந்து வந்த ஹோர்மோன்கள் பிள்ளையின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிவிடுவதும், எல்லார் தோலிலும் வாழும் மலசீசியா என்ற நுண்பூஞ்சையும் இதற்குக் காரணமென்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். தொற்றுநோய் இல்லை. தாய் சுத்தமாகப் பார்க்கவில்லை என்று யாராவது சொன்னால், அது பிழையான பேச்சு. பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகவே போய்விடும்.

எடுப்பதென்றால் வெயில் ஏறிய நேரமாகப் பார்த்து, கதவு ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். நுவரெலியா, ஹற்றன் போன்ற குளிரான மலைப்பக்கம் தேங்காய் எண்ணெய் போத்தலிலேயே உறைந்து நிற்கும். வெப்பநிலை 24 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் அப்படித்தான். அடுப்பில் காய்ச்ச வேண்டாம். போத்தலைச் சுடுநீரில் ஐந்து நிமிடம் வைத்தால் இளகிவிடும். வாசனை சேர்க்காத பேபி ஒயிலும் நல்லது. அரைத் தேக்கரண்டி போதும். பொருக்கின் மேல் மெதுவாகத் தடவி 15 நிமிடம் ஊறவிடுங்கள். தடிப்பாக இருந்தால் ஒரு மணி நேரம்.

பிறகு மிருதுவான பேபி பிரஷ்ஷால் சின்ன வட்டமாகத் தேயுங்கள். உச்சிக்குழிக்குப் பயந்து அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுவதால்தான் பொருக்கு அங்கேயே கட்டிப்போகிறது. அழுத்தாமல் தேய்த்தால் ஒன்றும் ஆகாது. முழங்கையில் ஊற்றிப் பார்த்து இளஞ்சூடான நீரில் பேபி ஷாம்பு போட்டு, எண்ணெய் முழுக்கப் போகும்வரை அலசுங்கள். அதிகம் பேர் தவறுவது இந்த இடத்தில்தான்: எண்ணெயைத் தலையிலேயே விட்டால் செதில் அதோடு ஒட்டி, மறுநாள் இன்னும் தடித்துவிடும். உடனே துவட்டி, தலை நன்றாகக் காய்ந்த பிறகே கம்பளிக் குல்லா போடுங்கள்.

ஒரே நாளில் எல்லாம் வராது. தினமும் ஒருமுறை கழுவி, குறைந்ததும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாக்குங்கள். செதிலோடு கொஞ்சம் முடியும் வரும். அது திரும்ப முளைக்கும்.

நகத்தால் உரிக்கவே கூடாது. தோல் கிழிந்து கிருமி ஏறுவது அப்படித்தான். தேசிக்காய்ச் சாறு எரியும், பவுடர் பசையாகிவிடும். பெரியவர்களின் பொடுகு ஷாம்புவும், பார்மசியில் கேட்டு வாங்கும் ஸ்டீரொய்ட் கிரீமும் வைத்தியர் சொல்லாமல் வேண்டாம். மொட்டை அடிக்க நாள் குறித்திருந்தால் தள்ளிப்போடுங்கள். பொருக்கின் மேல் கத்தி ஓடினால் தோலை வெட்டும்.

இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் கிளினிக் நாளில் குடும்பநல உத்தியோகத்தரிடம் தலையைக் காட்டுங்கள். சிவந்து நீர் கசிந்தாலோ, சீழோ கெட்ட வாடையோ வந்தாலோ, முகத்துக்கும் உடம்புக்கும் பரவினாலோ, முடி வட்டமாகக் கொட்டினாலோ அன்றே வைத்தியரிடம் போங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சலும் இருந்தால் இரவானாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.