ரெயில் பிரஷர் குறைகிறதா? பம்பைக் கழற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

லோடோடு ஏற்றம் ஏறும்போது லாரி திணறுகிறது, டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது, ஸ்கேனரை மாட்டினால் எஸ்பிஎன் 157 (கோளாறு எதில்), எஃப்எம்ஐ 18 (என்ன வகைக் கோளாறு) என்று எரர் கோடு காட்டுகிறது. ரெயிலில், அதாவது ஹை பிரஷர் பம்ப் தரும் டீசலைத் தேக்கி, சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாயில், பிரஷர் இருக்கவேண்டிய அளவுக்குக் கீழே போய்விட்டது என்று அர்த்தம். உடனே பலர் கை வைப்பது ஹை பிரஷர் பம்பில்தான். அதைக் கழற்றி, காசு செலவழித்து மாற்றி, மறுபடி அதே கோடு வந்து நிற்கும்போதுதான் டேங்க் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். பிரஷர் எங்கே குறைந்தது என்று மட்டும்தான் கோடு சொல்லும், எதனால் என்று சொல்லாது. வரவேண்டிய டீசல் வராவிட்டால் புது பம்ப் மட்டும் என்ன செய்யும்? அதனால் டேங்கில் தொடங்கி இன்ஜெக்டர் வரை டீசல் போகும் வழியிலேயே நாமும் போவோம். கீழே உள்ளதெல்லாம் காமன் ரெயில் இன்ஜினுக்கு, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவாக ஒரு ரெயில் உள்ள இன்ஜினுக்கு.

முதலில் உயிர் விஷயம். முழு லோடில் ரெயிலுக்குள் 1,600 முதல் 2,000 பார் பிரஷர், சில புது இன்ஜின்களில் அதற்கும் மேல். பழைய வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதே பைப் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்ப்பார்களே, அந்தப் பழக்கத்தை இங்கே காட்டவே கூடாது. ஊசிமுனை ஓட்டையில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், ஆரம்பத்தில் வலியும் பெரிதாக இருக்காது, ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய கேஸ் அது. கசிவைத் தேட கையை நீட்டாமல் ஓர் அட்டையை நீட்டுங்கள். இன்ஜினை நிறுத்தியதும் ஸ்பேனரை எடுக்காதீர்கள், ரெயில் பிரஷர் இறங்கிவிட்டதா என்று ஸ்கேனரில் பார்த்துவிட்டு எடுங்கள்.

சரி, காசில்லாமல் பார்க்கக்கூடியவை. டேங்க் மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால், டேங்க் மூச்சு விடும் துளை அடைத்திருக்கலாம். கொஞ்ச தூரம் ஓடியதும் இழுவை குறைகிறது, நிறுத்தி அரை மணி நேரம் விட்டால் சரியாகிறது என்கிற வண்டியில் முதல் சந்தேகம் இதன் மேல்தான் வரவேண்டும். அடுத்து டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரில் தண்ணீர் நிற்கிறதா, ஹோஸ் எங்காவது மடங்கியோ சேஸிஸில் உரசியோ இருக்கிறதா, சமீபத்தில் யாராவது ஃபில்டர் மாற்றினார்களா என்று கேளுங்கள். ஃபில்டர் மாற்றிய மறுநாள் வந்த கோளாறு என்றால் பெரும்பாலும் காற்று பிடித்திருக்கும், இல்லையென்றால் ஓ-ரிங் சரியாக உட்கார்ந்திருக்காது.

இனி உறிஞ்சும் பக்கம். டேங்கிலிருந்து, டீசலை உறிஞ்சி ஹை பிரஷர் பம்புக்குத் தள்ளும் ஃபீட் பம்ப் வரை உள்ள பைப்பில் பிரஷர் இருக்காது, வெற்றிடம்தான் இருக்கும். இங்கே ஒரு ஹோஸில் விரிசல் விட்டிருந்தால் டீசல் வெளியே சொட்டவேண்டிய அவசியமில்லை, காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, அதனால் லீக் இல்லை என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில் செல்லாது. ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு வேக்கம் கேஜை மாட்டி, வெறும் ஐடிலிங்கில் பார்க்காமல் ஆர்பிஎம்மை ஏற்றிப் பாருங்கள், முடிந்தால் லோடிலும் பாருங்கள். அளவு இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், மேனுவலில் இருப்பதே கடைசிச் சொல். ஆனாலும் பல பெரிய இன்ஜின்களில் புது ஃபில்டரோடு பாதரச அளவில் 6 அங்குலத்துக்குள் இருக்கும், 10-ஐத் தொட்டால் எங்கோ அடைப்பு. அடைப்பு என்றால் ஃபில்டர் மட்டும் இல்லை. டேங்குக்குள் இருக்கும் சல்லடை, கடும் குளிரில் டீசலில் திரண்ட மெழுகு, அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒன்று, ஹோஸின் உள்பக்க ரப்பர். வெளியே பார்த்தால் புதுசாட்டம் இருக்கும், உள்ளே ஒரு தோல் உரிந்து தொங்கும், இழுக்கும்போது அதுவே வழியை மூடிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் வெட்டிப் பார்க்கத் தயங்காதீர்கள்.

கேஜில் வெற்றிடமும் குறைவு, ஃபீட் பம்புக்குப் பிறகு பிரஷரும் குறைவு என்றால் கதை வேறு. ஒன்று காற்று நுழைகிறது, இல்லை ஃபீட் பம்ப் தேய்ந்துவிட்டது, இல்லை அதில் மிஞ்சிய பிரஷரை வெளிவிடும் ரிலீஃப் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கிறது. இதைப் பிரித்தறிய ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு துண்டு டிரான்ஸ்பரன்ட் ஹோஸைச் சேருங்கள். ஹேண்ட் பம்ப் அடித்து ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் குமிழி வருவது சகஜம்தான். சில நிமிஷம் ஓடிய பிறகும் ஓயாமல் வந்தால் காற்று நுழைகிறது. ஃபில்டர் கிண்ணத்தின் ஓ-ரிங், அடியில் உள்ள டிரெயின் காக், ஹேண்ட் பம்ப், குயிக் கனெக்டர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். டேங்க் நிறைய இருக்கும்போது ஒழுங்காக ஓடி, பாதிக்குக் கீழே இறங்கியதும் மக்கர் செய்கிற வண்டி என்றால் டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சுக் குழாயின் மேல்பகுதியில் விரிசல் இருக்கும். டேங்க் நிறைய இருக்கும்போது அந்த விரிசல் டீசலுக்குள் மூழ்கிக் கிடப்பதால் காட்டிக்கொடுக்காது.

எனக்கு மிகவும் பிடித்த டெஸ்ட் ஒன்று இருக்கிறது. சுத்தமான கேனில் டீசலை ஊற்றி, நல்ல ஹோஸ் ஒன்றால் ஃபீட் பம்புக்கு நேராக இணைத்து ஓட்டிப் பாருங்கள். மிச்ச டீசலைத் திருப்பிக் கொண்டுபோகும் ரிட்டர்ன் லைன் வழக்கம்போல டேங்குக்கே போகட்டும், கேன் காலியாகாமல் மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். பிரஷர் சரியாகிவிட்டால் கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் நடுவில்தான், இன்ஜின் மேல் பழி போடவேண்டாம்.

ஃபீட் பம்புக்குப் பிறகு வரும் இரண்டாவது ஃபில்டருக்கு முன்னும் பின்னும் பிரஷர் பாருங்கள். முன்னால் நன்றாக இருந்து பின்னால் விழுந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. இரண்டிலும் மேனுவல் சொன்ன அளவு இருந்தால் லோ பிரஷர் பக்கம் பாஸ். இப்போதுதான் ரெயில் பக்கம் போக உங்களுக்கு உரிமை.

அங்கேயும் முதலில் சென்சார். இன்ஜின் நின்று பிரஷர் இறங்கிய பிறகு சாவியை மட்டும் ஆன் செய்தால் ஸ்கேனரில் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டவேண்டும். 5 வோல்ட் சப்ளை உள்ள சென்சாரில் சிக்னல் பெரும்பாலும் 0.5 வோல்ட் அருகே நிற்கும். நின்ற இன்ஜினில் ஐம்பது அறுபது பார் காட்டினால் சென்சாரையும் வயரையும் பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்து செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். பல இன்ஜின்களில் 150 முதல் 250 பார் வரை எட்டாமல் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) இன்ஜெக்டரைத் திறக்கவே திறக்காது. அதனால்தான் செல்ஃப் எவ்வளவு நேரம் அடித்தாலும் சைலன்சரில் புகைகூட வராது.

ஏறவில்லை என்றால் பம்ப் கொடுப்பது எங்கோ ஒழுகி ரிட்டர்னுக்குப் போகிறதா என்று தேடவேண்டும். ரெயில் முனையில் இருக்கும், பிரஷர் அளவு மீறினால் திறக்கும் பிரஷர் லிமிட்டிங் வால்வின் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது அதில் டீசல் வரக்கூடாது. வந்தால் அந்த வால்வு போய்விட்டது. பிறகு இன்ஜெக்டர் ரிட்டர்ன். தனித்தனி ரிட்டர்ன் ஹோஸ் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டில் வைத்து அளவை ஒப்பிடலாம். பெரிய இன்ஜின்களில் ரிட்டர்ன் பெரும்பாலும் சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே ஓடுவதால், ரெயிலில் ஒவ்வொரு லைனாக அதற்கென்று வரும் கேப்பால் அடைத்து, எதை அடைத்தால் பிரஷர் ஏறுகிறது என்று பார்க்கவேண்டும். ஒழுகுகிறது என்று மாட்டிக்கொண்ட இன்ஜெக்டரை உடனே தூக்கி எறியாதீர்கள். ஹெட்டுக்குள் பக்கவாட்டில் போய் இன்ஜெக்டரை முட்டும் கனெக்டர் குழாய் சரியான டார்க்கில் (இறுக்க அளவில்) இறுகாமல் இருந்தாலும் இதே மாதிரிதான் ஒழுகும்.

இவை எல்லாம் காய்ந்து கிடந்து, பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வும் அதன் வயரிங்கும் சரியாக இருந்தால் பம்பைச் சந்தேகியுங்கள். பழைய ஃபில்டரை வெட்டிப் பிரித்து வெயிலில் பாருங்கள். உலோகத் துகள் மினுங்கினால் பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. டேங்க், லைன், ரெயில், இன்ஜெக்டர் வரை துகள் போயிருக்கும், சுத்தம் செய்யாமல் புது பம்பை மாட்டினால் அதுவும் சீக்கிரம் போகும். ஆயில் டிப் ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறி டீசல் வாடை அடித்தால், இன்ஜெக்டர் பக்கமோ பம்ப் ஷாஃப்ட் சீல் பக்கமோ டீசல் உள்ளே இறங்குகிறது. அந்த நிலையில் வண்டியை ஓட்டவேண்டாம், பேரிங்குக்கு ஆபத்து.

வேலை முடிந்து மாட்டும்போது இரண்டாவது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசல் ஊற்றி நிரப்பாதீர்கள், வடிகட்டாத அழுக்கு நேராக ஹை பிரஷர் பம்புக்குப் போகும். ஹேண்ட் பம்ப் கெட்டியாகும் வரை அடியுங்கள். அப்புறம் எரர் கோடை அழித்துவிட்டு, ஸ்கேனரை ரெக்கார்டில் போட்டு, முன்பு திணறிய அதே அளவு லோடோடு ஏற்றம் ஏற்றுங்கள். ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்திருக்கும்போது இசியூ கேட்கும் பிரஷரும் ரெயிலில் இருக்கும் பிரஷரும் ஒட்டிப் போகவேண்டும். மேலே போகப்போக இரண்டுக்கும் இடைவெளி விரிந்தால் வண்டியை டெலிவரி கொடுக்காமல், வேக்கம் கேஜை மறுபடி மாட்டுங்கள்.